ஊசிக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

நான் ஓட்டுவது இரட்டை எஞ்சின் டர்போபிராப். போகிற விமான நிலையங்களில் பாதிக்கு மேல் ஐஎல்எஸ், அதாவது தரையிலிருந்து ரேடியோவில் ஓடுபாதைக்கு வழிகாட்டுகிற ஏற்பாடு, கிடையாது. இருக்கிற இடத்திலும் ஓடுபாதையின் ஒரு முனைக்குத்தான் இருக்கும். வானிலை மோசமான நாளில் காற்று சொல்லிவைத்தாற்போல் மறுமுனைக்குச் சாதகமாக அடிக்கும். அப்படிப்பட்ட இடங்களில் முன்பெல்லாம் படிப்படியாக இறங்குவோம். ஒரு புள்ளி தாண்டியதும் இவ்வளவு அடி, சமன் செய், அடுத்த புள்ளி, மறுபடி இறங்கு. கடைசியில் தரையிலிருந்து ஐந்நூறு அறுநூறு அடியில் மேகத்தின் அடிவயிற்றை உரசிக்கொண்டு மழைக்குள் ஓடுபாதையைத் தேட வேண்டும். விமானம் சமநிலையில் பறந்துகொண்டிருக்கும், எஞ்சின் சக்தி கூடியிருக்கும். ஓடுபாதை கண்ணில் படுகிற நேரத்தில் மூன்று டிகிரி சரிவைத் தாண்டி மேலே நிற்போம். தலையை அமுக்கி இறங்கினால் ஸ்திரமற்ற அப்ரோச் (ஓடுபாதையை நோக்கி இறங்கி வரும் கட்டம்), இறங்காவிட்டால் கோ-அரவுண்ட், அதாவது தரை தொடாமல் மறுபடி மேலே ஏறுவது.

ஜிபிஎஸ்ஸின் பிழைக்குச் செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் தருகிற எஸ்பாஸ் என்ற ஏற்பாட்டுக்கான ரிசீவர் பொருத்தியபிறகு அதே ஓடுபாதைக்கு, தரையில் ஒரு ஆன்டெனாகூட இல்லாமல், 250 அடி வரை ஒரே சீரான சரிவு கிடைத்தது. திரையில் ஐஎல்எஸ் மாதிரியே இரண்டு ஊசி, பக்கவாட்டுக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று. முதலில் எனக்குப் பிடித்தது ஊசியின் அமைதி. ஐஎல்எஸ்ஸில் முன்னால் ஒரு விமானம் டாக்ஸி செய்தாலோ, புறப்பட்டாலோ ஊசி லேசாக நெளியும், ஆட்டோபைலட்டும் கூடவே நெளியும். இதில் அந்த நெளிவு இல்லை. மேலேயிருந்து பிடித்தால் போலிச் சரிவில் மாட்டிக்கொள்கிற வம்பும் இல்லை. ஆனால் அந்த அமைதிதான் ஆபத்தும்கூட. ஊசி நடுவில் நின்றுவிட்டால் மனம் அதற்குமேல் எதையும் கேட்பதில்லை. இந்த வகை அப்ரோச்சில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஊசிக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கிற அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான்.

அதைச் சொல்லுமுன் இந்த ஏற்பாடு என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரண ஜிபிஎஸ் ஏன் போதாது? 2000 மே மாதம் அமெரிக்கா வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை நிறுத்தியபிறகு ஜிபிஎஸ்ஸின் துல்லியம் நன்றாகவே கூடிவிட்டது. பக்கவாட்டில் நமக்கு அது போதும். தொல்லை உயரத்தில். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கிடைமட்டத்தில் நாலா பக்கமிருந்தும் சிக்னல் வருகிறது, உயரத்துக்கோ மேலிருந்து மட்டும்தான். அதனால் செங்குத்துப் பிழை பொதுவாகக் கிடைமட்டப் பிழையைவிடக் கூடுதல். அதோடு அயன மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதம் நேரத்துக்கு நேரம், இடத்துக்கு இடம் மாறும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு செயற்கைக்கோளின் கடிகாரம் கெட்டுப்போனால் அது உடனே நமக்குத் தெரிய வேண்டும். தரைக்கட்டுப்பாட்டு நிலையம் அதைக் கண்டுபிடித்து 'இதை நம்பாதே' என்று குறி போடுவதற்குள் சில சமயம் மணிக்கணக்கில் ஆகிவிடலாம். 250 அடியில் இருப்பவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

எஸ்பாஸ் இந்த இரண்டையும் கவனிக்கிறது. இருப்பிடம் அங்குல சுத்தமாக அளக்கப்பட்ட தரை நிலையங்கள் ஜிபிஎஸ் சிக்னலைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. தன் இடம் எது என்று அந்த நிலையத்துக்குத் தெரியும், ஜிபிஎஸ் சொல்கிற இடம் எது என்றும் தெரியும். வித்தியாசம்தான் பிழை. முதன்மை நிலையம் இவற்றையெல்லாம் சேர்த்துத் திருத்தம் தயாரித்து, நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கிற செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. அது ஜிபிஎஸ்ஸின் அதே அலைவரிசையில், 1575.42 மெகாஹெர்ட்ஸில், நமக்குத் திருப்பி அனுப்புகிறது. கெட்ட செயற்கைக்கோள் இருந்தால் சுமார் ஆறு விநாடிக்குள் தகவல் விமானத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது விதி. அமெரிக்காவின் வாஸ் 2003 ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. ஐரோப்பாவின் எக்னாஸ் 2011 மார்ச்சில் விமானங்களுக்கான உயிர்காப்புச் சேவையைத் தொடங்கியது. இந்தியாவின் ககன் 2015-இல் செங்குத்து வழிகாட்டலுக்கான சான்றிதழ் பெற்றது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ககன் துணையோடு எல்பிவி அப்ரோச்சில், அதாவது பக்கவாட்டு வழியும் செங்குத்துச் சரிவும் எஸ்பாஸிலிருந்தே கிடைக்கிற அப்ரோச்சில், இறங்கிக் காட்டியது. அமெரிக்காவில் இன்று 4,000-க்கு மேல் எல்பிவி அப்ரோச்கள் இருக்கின்றன. அங்குள்ள ஐஎல்எஸ்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்.

எல்பிவி என்பது எஸ்பாஸ் தருகிறதிலேயே உயர்ந்த தரம். ஐஎல்எஸ் போலவே ஓடுபாதையை நெருங்க நெருங்க ஊசியின் அளவு குறுகும். ஓடுபாதை முனையில் ஊசி ஓரத்துக்குப் போனால் நடுக்கோட்டிலிருந்து சுமார் 350 அடி விலகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போது அந்தச் சின்னச் சொல். ரிசீவர் தன் இடத்தைக் கணக்கிடும்போதே இன்னொரு கணக்கும் போடுகிறது. 'என் பிழை மிஞ்சிப்போனால் எவ்வளவு இருக்கும்?' இதைக் காப்பு அளவு என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பிழை பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர்தான். ஆனால் காப்பு அளவு அதைவிட நிறையப் பெரிதாக இருக்கும், ஏனென்றால் அது மோசமான நிலைமைக்கான உத்தரவாதம். அந்த வரம்பைத் தாண்டிய பிழை எச்சரிக்கை இல்லாமல் நழுவிவிடும் வாய்ப்பு ஒரு கோடி அப்ரோச்சுக்கு இரண்டு என்கிற அளவில்தான் இருக்கலாம். எல்பிவிக்குக் கிடைமட்டத்தில் 40 மீட்டர், செங்குத்தில் 50 மீட்டர் எல்லை. 200 அடி வரை இறங்குகிற எல்பிவி என்றால் செங்குத்தில் 35 மீட்டர். காப்பு அளவு இந்த எல்லைக்குள் இருந்தால் திரையில் எல்பிவி என்று வரும். தாண்டினால் வராது. ஊசி அப்போதும் அழகாக நடுவில் நிற்கலாம். விமானம் உண்மையிலேயே சரியான இடத்தில்கூட இருக்கலாம். ஆனால் உத்தரவாதம் போய்விட்டது. வழி தெரியாமலே கையை நீட்டுகிறவரைவிட 'நிச்சயமாகத் தெரியவில்லை' என்று சொல்கிறவர் மேல் இல்லையா, இந்தப் பெட்டி இரண்டாவது ரகம். அது சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கிக்கொள்வது எப்படி என்பதற்கு ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். தாழ்ந்த மேகம், விட்டு விட்டு மழை, மேகத்தின் அடி தரையிலிருந்து நானூறு அடியைச் சுற்றி இருப்பதாக வானிலை அறிக்கை. எல்பிவிக்கு அது தாராளம். நான் பயன்படுத்துகிற பெட்டி, கடைசி இறக்கம் தொடங்கும் புள்ளிக்கு ஒரு நிமிடம் முன்னால் காப்பு அளவை ஒருமுறை சரிபார்க்கும். இந்தப் புள்ளியை நாங்கள் ஃபைனல் ஃபிக்ஸ் என்போம். அன்றைக்கு அந்த நேரத்தில் மஞ்சளில் ஒரு செய்தி வந்தது.

"கேப்டன், எல்பிவி போயிடுச்சு. எல்நாவ்தான் காட்டுது" என்றார் கோ-பைலட்.

"சரி. எல்நாவ் மினிமா எவ்வளவு?"

"தரையிலிருந்து அறுநூற்று இருபது."

எல்நாவ் என்றால் பக்கவாட்டு வழிகாட்டல் மட்டும்; மினிமா என்றால் ஓடுபாதை கண்ணில் படாமல் அதற்குக் கீழே இறங்கக் கூடாத உயரம். நானூறில் மேகம், அறுநூற்று இருபதுக்குக் கீழே இறங்க அனுமதி இல்லை. பேச ஒன்றும் இல்லை. இறக்கத்தையே தொடங்காமல், இருந்த உயரத்திலேயே நிறுத்திக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு ஹோல்டிங்குக்கு, அதாவது சுற்றி வந்து காத்திருக்கும் இடத்துக்கு, போனோம். கொஞ்ச நேரம் கழித்து எல்பிவி திரும்ப வந்தது, அடுத்த முறை இறங்கினோம். இதில் வீரதீரம் ஒன்றுமில்லை. எளிதாக முடிந்ததற்குக் காரணம், எல்நாவ் மினிமா எவ்வளவு, அதில் இறங்க முடியுமா என்பதை ப்ரீஃபிங்கிலேயே இரண்டு பேரும் பேசி வைத்திருந்ததுதான். அந்த ஒரு நிமிடத்தில் சார்ட்டை எடுத்து வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் ஃபிக்ஸ் தாண்டியிருக்கும்.

அதனால் என் வழக்கம் இது: எல்பிவி ப்ரீஃபிங்கில் எப்போதும் இரண்டு மினிமா. 'எல்பிவி இருந்தால் இவ்வளவு, போனால் எல்நாவ் இவ்வளவு, அன்றைய மேகத்துக்கு எல்நாவ் உதவுமா உதவாதா.' ஃபைனல் ஃபிக்ஸுக்கு இரண்டு மைல் முன்னால் யார் விமானத்தை ஓட்டவில்லையோ அவர் திரையில் இருக்கும் சொல்லை வாய்விட்டுப் படிக்க வேண்டும். 'அப்ரோச் ஆக்டிவ்' என்று பொதுவாகச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை, இருக்கிற எழுத்தைப் படிக்கச் சொல்வேன். ஃபிக்ஸ் தாண்டியபிறகு அந்தச் சொல் மாறினால் மேகத்துக்குள் இருக்கும்வரை எனக்கு ஒரே பதில் கோ-அரவுண்ட். சில பெட்டிகள் அப்போதும் எல்நாவுக்கு மாறித் தொடர வழி தரும், சிலவற்றில் நேரடியாக 'அப்ரோச்சைக் கைவிடு' என்று வரும். பெட்டி அனுமதித்தாலும் சரிவில் இறங்கிக்கொண்டே மினிமா மாற்றுகிற வேலை எனக்கு வேண்டாம்.

எழுத்தைப் படிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 'எல்நாவ் பிளஸ் வி' என்று ஒன்று வரும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்தவரை எஸ்பாஸ் அப்ரோச்சில் இதைவிட நயமான பொறி வேறு இல்லை. சில ஓடுபாதைகளுக்கு வெறும் எல்நாவ் அப்ரோச்தான் வெளியிட்டிருப்பார்கள், செங்குத்து வழிகாட்டல் கிடையாது. ஆனால் ரிசீவர் தயாரிப்பாளர்கள் விமானிக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு சரிவைக் கணக்கிட்டுக் காட்டுகிறார்கள். திரையில் சரிவைக் காட்டும் அதே வைர வடிவக் குறி, அதே நடு, ஆட்டோபைலட்டும் அதைப் பிடித்து இறங்கும். பார்வைக்கு எல்பிவியேதான். வித்தியாசம் என்னவென்றால், அந்தச் சரிவின் கீழே மலையோ கோபுரமோ இல்லை என்று யாரும் ஆய்வு செய்து உறுதி தரவில்லை. அது ஆலோசனை மட்டுமே. படிப்படியான குறைந்தபட்ச உயரங்கள் அனைத்தும் அப்படியே செல்லும், சரிவு அவற்றுக்குக் கீழே கொண்டுபோனால் விமானிதான் நிறுத்த வேண்டும். கடைசியில் இருப்பதும் முடிவெடுக்கும் உயரம் அல்ல, தாண்டக்கூடாத குறைந்தபட்ச உயரம். எல்பிவியில் முடிவெடுக்கும் உயரத்துக்கு வந்ததும் கோ-அரவுண்ட் தொடங்கும்போது விமானம் இன்னும் சில அடி மூழ்கும், அதைக் கணக்கில் எடுத்தே வடிவமைத்திருக்கிறார்கள். எல்நாவில் அந்தச் சலுகை கிடையாது. நான் ஐம்பது அடி முன்னாலேயே தொடங்கிவிடுவேன்.

இன்னும் ஒரு சொல், எல்பி. இதில் பக்கவாட்டு வழிகாட்டல் எல்பிவி அளவுக்குக் கூர்மை, செங்குத்து கிடையாது. பெயரில் ஒரு எழுத்துதான் குறைவு, மினிமா வேறு. அரிதாகத்தான் வரும்.

அடுத்தது உயரமானி. எல்பிவியின் சரிவு வடிவ கணிதத்தால் ஆனது. வெப்பநிலையோ காற்றழுத்தமோ அதைத் தொடாது. ஆனால் 'மினிமம்ஸ்' என்று சொல்வது அழுத்தத்தால் ஓடுகிற உயரமானியைப் பார்த்துத்தான். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு அளவுகோல்கள் என்பதை மனத்தில் பதிய வைக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

கடும் வெயில் நாளில் இது நன்றாகத் தெரியும். தரநிலையைவிட 20 டிகிரி கூடுதல் வெப்பம் என்று வையுங்கள். சரிவில் சரியாக நின்றுகொண்டு ஃபைனல் ஃபிக்ஸைத் தாண்டுகிறீர்கள். சார்ட்டில் போட்டிருக்கிற உயரத்தைவிட உயரமானி குறைவாகக் காட்டும். ஃபிக்ஸ் தரையிலிருந்து 1,800 அடியில் இருந்தால் வித்தியாசம் நூறு அடிக்கு மேல் போகும். சூடான காற்று விரிந்திருக்கிறது, உண்மையில் நாம் காட்டுவதைவிட மேலே இருக்கிறோம். புதிதாக வருகிற கோ-பைலட்கள் இதைப் பார்த்துச் சரிவு தப்பு என்று பதறுவார்கள். சரிவு சரிதான். இந்த வித்தியாசத்தால் உண்மையான சிக்கல் ஃபிக்ஸுக்கு வெளியே வருகிறது. அங்கே குறைந்தபட்ச உயரங்கள் உயரமானியைப் பொறுத்தவை. வெகுதூரத்திலேயே சரிவைப் பிடித்து ஆட்டோபைலட்டிடம் கொடுத்துவிட்டால், வெயில் நாளில் ஏதாவது ஒரு படியை உயரமானிக் கணக்கில் மீறியிருப்போம். ஐஎல்எஸ்ஸிலும் இதே கதைதான். குளிரில் எல்லாம் தலைகீழ். உயரமானி காட்டுவதைவிட நாம் கீழே இருக்கிறோம், கடுங்குளிரில் முடிவெடுக்கும் உயரத்துக்கும் திருத்தம் சேர்க்க வேண்டும்.

க்யூஎன்ஹெச், அதாவது உயரமானியில் வைக்கிற காற்றழுத்த எண், தப்பானால்? இதற்குப் பாரிஸ் சார்ல் த கோல் நிலையத்தில் 2022 மே 23-இல் நடந்ததைவிடத் தெளிவான பாடம் கிடையாது. ஓடுபாதையின் ஐஎல்எஸ் வேலை செய்யாததால் ஒரு ஏ320 விமானம் செயற்கைக்கோள் அப்ரோச்சில் வந்தது. பக்கவாட்டு வழி செயற்கைக்கோளிலிருந்து, செங்குத்துச் சரிவு உயரமானியிலிருந்து. இதை பாரோ-வீநாவ் என்பார்கள். க்யூஎன்ஹெச் 1001. கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொல்லப்பட்டது 1011. பத்து ஹெக்டோபாஸ்கல் என்றால் கிட்டத்தட்ட 280 அடி. விமானம் முழுச் சரிவையும் 280 அடி தாழ்வாகவே பறந்து வந்தது. ஓடுபாதைக்கு முக்கால் மைலுக்குச் சற்று மேல் தொலைவிருக்கும்போது ரேடியோ உயரமானியில் பதிவான உயரம் 6 அடி. கோ-அரவுண்ட் ஏற்கெனவே தொடங்கியிருந்ததால் தப்பினார்கள். விமானிகளின் கண்ணுக்கு ஊசி, உயரம், தூரம் எல்லாம் பொருந்தித்தான் இருந்தன, ஏனென்றால் சரிவும் உயரமும் ஒரே தப்பான எண்ணிலிருந்து வந்தவை.

அதே தப்பு எல்பிவியில் நடந்தால் சரிவு பாதிக்கப்படாது, விமானம் ஓடுபாதையை நோக்கித்தான் வரும். ஃபைனல் ஃபிக்ஸில் உயரத்தை ஒப்பிட்டால் 280 அடி வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இரண்டு அளவுகோலும் தனித்தனி என்பதன் லாபம் இது. ஆனால் அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விட்டால், உயரமானி மினிமாவைத் தொடுமுன்பே தரை வந்துவிடும். அதனால் ஃபிக்ஸ் உயர ஒப்பீடு எனக்குச் சடங்கு அல்ல. வெப்பத்துக்கு எவ்வளவு வித்தியாசம் வர வேண்டும் என்று முன்கூட்டியே தோராயமாகப் போட்டு வைத்துக்கொள்வேன். பத்து டிகிரிக்கு உயரத்தில் நான்கு சதவீதம் என்ற கணக்கு போதும். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் க்யூஎன்ஹெச்சை மறுபடி கேட்பேன்.

நான் பயன்படுத்துகிற பெட்டியில் எல்நாவ்/வீநாவ், அதாவது பக்கவாட்டோடு செங்குத்து வழிகாட்டலும் உள்ள வகை, வரும்போது செங்குத்துச் சரிவு எஸ்பாஸிலிருந்து வருகிறது. எத்தனையோ பெரிய ஜெட்களில் அதே மினிமா வரிக்கு உயரமானிதான் ஆதாரம். சார்ட்டில் போட்டிருக்கும் வெப்பநிலை வரம்பு அவர்களுக்காக. வேறு விமானத்துக்கு மாறுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என் சரிவு எங்கிருந்து வருகிறது என்பது.

பெட்டியைக் கையாள்வது பற்றிக் கொஞ்சம். ரேடார் வழிகாட்டலில் வரும்போது 'வெக்டர்ஸ் டு ஃபைனல்' பொத்தானை அழுத்துவது பலருக்குப் பழக்கம். அழுத்தினால் முந்தைய புள்ளிகள் எல்லாம் மறைந்துபோய், கடைசிக் கோடு மட்டும் நீளும். கட்டுப்பாட்டாளர் மனம் மாறி 'அந்தப் புள்ளிக்கு நேராகப் போ' என்றால் அந்தப் புள்ளி பட்டியலில் இருக்காது. நான் முழு அப்ரோச்சையும் ஆரம்பப் புள்ளியிலிருந்து ஏற்றி வைத்துவிட்டு, வேண்டிய பாதைத் துண்டை (லெக்) மட்டும் செயல்படுத்துவேன். ஃபைனல் ஃபிக்ஸுக்கு உள்ளே குறுக்கே கொண்டுவந்து விட்டால் பல பெட்டிகளில் சரிவே உயிர் பெறாது. முன்கூட்டியே 'ஃபிக்ஸுக்கு வெளியே இரண்டு மைலாவது தாருங்கள்' என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

ஐஎல்எஸ்ஸும் எல்பிவியும் மாறி மாறிப் பறக்கும் நாளில் ஊசியின் மூலம் எது என்று பார்க்க வேண்டும். ஆட்டோபைலட்டில் ஜிபி என்று எழுதியிருந்தால் செயற்கைக்கோள் சரிவு, ஜிஎஸ் என்றால் ஐஎல்எஸ். தரவுத்தளம் 28 நாளுக்கு ஒருமுறை மாறும், பழையதை வைத்து எல்பிவி பறப்பது என் வழக்கமில்லை. ஓடுபாதை எண், அப்ரோச் திசை, சரிவுக் கோணம் இந்த மூன்றையும் சார்ட்டோடு ஒப்பிட்டால் தப்பான அப்ரோச்சை ஏற்றியிருந்தால் தெரிந்துவிடும்.

கோ-அரவுண்ட் சீக்கிரமே தொடங்கினால் உயரம் ஏறிக்கொள்ளலாம், ஆனால் மிஸ்டு அப்ரோச் புள்ளி, அதாவது ஓடுபாதை தெரியாவிட்டால் அப்ரோச்சைக் கைவிட வேண்டிய புள்ளி, வரை பக்கவாட்டுப் பாதையிலேயே போக வேண்டும். மிஸ்டு அப்ரோச்சில் வருகிற திருப்பத்தை அந்தப் புள்ளிக்கு முன்னால் எடுத்தால் தடை ஆய்வு செய்த பகுதியை விட்டு வெளியே போய்விடுவோம். முதலில் சக்தி, மூக்கு, கியர், அப்புறம்தான் பெட்டியின் பொத்தான்.

எல்பிவி ஏன் சில நாள் வராது? பெரும்பாலும் அயன மண்டலம். எஸ்பாஸ் அதை 350 கிலோமீட்டர் உயரத்தில் விரித்த ஒரு வலையாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முடிச்சுக்கும் தாமதம் எவ்வளவு என்று அனுப்புகிறது. சூரியப் புயல் அடித்தால் அந்த வலை நம்ப முடியாததாகிவிடும், காப்பு அளவு உப்பும். 2003 அக்டோபர் கடைசியில் வந்த பெரும் புயலில், புதிதாகத் தொடங்கியிருந்த வாஸ் 29-ஆம் தேதி சுமார் 15 மணி நேரமும் 30-ஆம் தேதி சுமார் 11 மணி நேரமும் செங்குத்து வழிகாட்டலைத் தர முடியாமல் நின்றது. கெட்ட தகவலைத் தரவில்லை, தகவலே தரவில்லை. வடிவமைத்தவர்கள் அதைத்தான் விரும்பினார்கள். நிலநடுக்கோட்டுப் பகுதியில் நிலைமை இன்னும் சிக்கல். சூரியன் மறைந்தபிறகு அயன மண்டலத்தில் குமிழிகள் போலப் பள்ளங்கள் உருவாகி சிக்னலைத் துடிக்க வைக்கும். ஒற்றை வலை அங்கே போதவில்லை என்பதால்தான் ககனுக்கு இஸ்ரோ பல அடுக்கு மாதிரி ஒன்றைத் தனியாக உருவாக்கியது. இந்தப் பகுதிகளில் பறப்பவர்கள் அந்தி கழிந்த சில மணி நேரத்துக்கு எல்நாவ் மினிமாவைக் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு பார்ப்பது நல்லது. துருவத்தை நெருங்கினால் வேறு தொல்லை. நிலநடுக்கோட்டுக்கு மேல் நிற்கிற செயற்கைக்கோள் அடிவானத்துக்கு அருகே இறங்கிவிடும், பள்ளத்தாக்கில் ஒரு மலை போதும் அதை மறைக்க.

இயற்கையை விடுங்கள், மனிதர்கள் செய்வது இப்போது அதைவிட அதிகம். 2012-இல் அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தில் ஜிபாஸ் என்ற இன்னொரு வகை ஏற்பாட்டுக்கு இடையூறு வந்தது. ஜிபாஸில் திருத்தத்தை நிலையத்திலேயே தயாரித்து விஎச்எஃப் வழியாக விமானத்துக்கு அனுப்புவார்கள். ஒரே ஏற்பாடு எல்லா ஓடுபாதை முனைக்கும் போதும். இடையூறு எங்கிருந்து என்று தேடினால், முதலாளி தன்னைக் கண்காணிக்கக் கூடாது என்று ஒரு டிரைவர் வண்டியில் செருகி வைத்திருந்த சின்ன ஜாமர். அவருக்கு முன்மொழியப்பட்ட அபராதம் சுமார் 32,000 டாலர். 2024 ஏப்ரலில் எஸ்டோனியாவின் டார்டு நகருக்குப் போன ஃபின்ஏர் விமானங்கள் இரண்டு ஜிபிஎஸ் இடையூறால் இறங்க முடியாமல் ஹெல்சிங்கிக்கே திரும்பின. அங்கே இருந்த அப்ரோச்கள் ஜிபிஎஸ்ஸை நம்பியவை. அந்த நிறுவனம் ஒரு மாதத்துக்குச் சேவையையே நிறுத்தி வைத்தது, ஜிபிஎஸ் தேவைப்படாத மாற்று அப்ரோச் ஏற்பாடானபிறகு தொடர்ந்தது.

ஜாமிங்கைவிடப் போலி சிக்னல் மோசம். ஜாமிங்கில் எல்பிவி என்ற சொல் மறையும், பெட்டி ஒப்புக்கொண்டுவிடும். போலி சிக்னலுக்கு எஸ்பாஸ் பதில் இல்லை. எஸ்பாஸ் வந்தது செயற்கைக்கோளின் பிழையைப் பிடிக்க, எதிரியின் பொய்யைப் பிடிக்க அல்ல. அதன் சிக்னலும் மறையாக்கம் செய்யப்படாததுதான். நான் சொன்ன 'அந்தச் சொல்லை நம்பு' என்ற விதிக்கு இது விலக்கு. விமானக் கடிகாரம் திடீரென்று குதித்தால், காட்டுகிற காற்று அபத்தமாக இருந்தால், தரை வேகமும் காற்று வேகமும் ஒட்டாவிட்டால், உயரத்தில் பறக்கும்போது தரை எச்சரிக்கைக் கருவி 'புல் அப்' (மேலே ஏறு) என்று கத்தினால் சந்தேகப்பட வேண்டும். ஒருமுறை போலி சிக்னலை விழுங்கிய ரிசீவர் அந்தப் பகுதியைத் தாண்டி வெகுதூரம் வந்தபிறகும் தெளியாமல் போகலாம். இடையூறு அறிவிக்கப்பட்ட பகுதி வழியாக வந்த நாளில், சேருமிடத்தில் ஐஎல்எஸ் இருந்தால் நான் அதையே கேட்பேன். இல்லாவிட்டால் விஓஆர், டிஎம்இ என்ற தரை ரேடியோ நிலையங்கள் காட்டும் திசையையும் தூரத்தையும் எல்பிவியோடு ஒப்பிட்டுக்கொண்டே வருவேன்.

இதெல்லாம் சேர்ந்து மாற்று நிலையத் திட்டமிடலில் வந்து முடிகிறது. சேருமிடத்துக்கும் மாற்று நிலையத்துக்கும் இரண்டுக்கும் எல்பிவியையே நம்பித் திட்டம் போட்டால் ஒரே காரணத்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். அமெரிக்க விதியில் வாஸ் உள்ள விமானம்கூட மாற்று நிலையத்துக்கு எல்நாவ் வகை மினிமாவை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். விதி வேறாக உள்ள நாடுகளிலும் நான் அப்படித்தான் செய்கிறேன். முடிந்தால் மாற்று நிலையம் ஒன்றிலாவது தரையில் நிற்கிற ஐஎல்எஸ்ஸோ விஓஆரோ இருக்க வேண்டும். அதற்காகக் கூடுதல் எரிபொருள் ஏற்றினால் நிர்வாகத்திலிருந்து கேள்வி வரும், வரட்டும். எல்பிவி எங்கே எப்போது போனது, எவ்வளவு நேரத்தில் திரும்பியது, அப்போது எந்த உயரத்தில் எந்தத் திசையில் இருந்தோம் என்று எழுதி அறிக்கை கொடுத்துவிடுவேன். ஒரே ஓடுபாதையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் காரணம் அநேகமாகத் தரையில்தான் இருக்கும், அதைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த விவரம்தான் தேவை.